சாய்ந்த துண்டு

வாசலில் நுழையும்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சதுரத் தாள் கொடுத்தோம். கத்தரி வேண்டாம், மடித்துக் கிழித்தால் போதும். பேச்சுக்கு முன் அந்த வேலையை முடித்துவிடலாம். துண்டுகள் கையில் இல்லாமல் இந்தப் பேச்சைக் கேட்பது, சாப்பாட்டைப் பற்றிப் பசியோடு கேட்பது போலத்தான் இருக்கும்.

மூலைக்கு மூலை மடித்து அந்தக் கோட்டில் கிழியுங்கள். இரண்டு முக்கோணம் வந்தாயிற்று. அவற்றில் ஒன்றை நடுவில் மடித்துக் கிழித்தால் இரண்டு பெரிய முக்கோணங்கள். அவற்றை மடியில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற முக்கோணத்தின் செங்கோண முனையை, எதிரே உள்ள நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியைத் தொடும்படி மடியுங்கள். மடிப்பில் கிழித்தால் நடுத்தர முக்கோணம் ஒன்று. மிச்சம் இருப்பது கவிழ்த்துவைத்த படகு போல் இருக்கும். அதைக் குறுக்கே நடுவில் மடித்து இரண்டாக்குங்கள். ஒரு பாதியில் கூர்முனையை, அதே அடிப்பக்கத்தின் மறுகோடி மூலைக்குக் கொண்டுபோய் மடித்துக் கிழியுங்கள்: ஒரு சதுரம், ஒரு சின்ன முக்கோணம். கடைசிப் பாதியில் அடிப்பக்கத்துச் செங்கோண மூலையை, குறுக்கே எதிரில் இருக்கும் மழுங்கிய மூலையோடு சேர்த்து மடித்துக் கிழியுங்கள். இன்னொரு சின்ன முக்கோணம் வரும். அதோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற ஒரு துண்டும் வரும். பாடப்புத்தகம் அதை இணைகரம் என்கிறது. தாராவியில் என் வகுப்புப் பிள்ளைகள் அதைச் ‘சாய்ஞ்ச கட்டம்’ என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஏழு துண்டுகள். இதுதான் டாங்கிராம். சீனர்கள் இதற்கு வைத்த பெயருக்கு ‘ஏழு சாமர்த்தியப் பலகை’ என்று பொருள். விதி மிக எளிது. ஒரு கறுப்பு உருவத்தின் நிழல் கொடுக்கப்படும். பூனையோ, படகோ, குனிந்து நிற்கும் மனிதனோ, எதுவாகவும் இருக்கலாம். ஏழு துண்டையும் பயன்படுத்த வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, அந்த நிழலை நிரப்ப வேண்டும். நிழலுக்குள் கோடு எதுவும் இருக்காது. கஷ்டமும் சுகமும் அந்தக் கோடில்லாத கறுப்பில்தான்.

நான் முப்பது ஆண்டுகள் தாராவியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. என்னிடம் வந்த பிள்ளை வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசும், சந்தில் இந்தி பேசும், கடைப் பலகையில் மராத்தி படிக்கும். கணக்குப் புத்தகத்தின் தமிழ் அதற்கு நாலாவது மொழி. ‘செங்கோணம்’ என்றால் விழிக்கும். அதே பிள்ளையிடம் நாலு அட்டைத் துண்டைக் கொடுத்தால், எது எதோடு பொருந்தும் என்று கை சொல்லிவிடும். இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியப் பல வருடம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று மாட்டுங்காவுக்கு வந்திருக்கிறேன்.

தாராவியில் தோல் வேலைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. அந்த வரலாற்றில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாந்திராவில் இருந்த அறுப்புக்கூடம் 1971-இல் தேவ்னாருக்குப் போனது. பிறகு பதனிடும் வேலை மெல்ல மெல்ல ஊரை விட்டே நகர்ந்தது. இன்று பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்து இறங்குகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் தைப்பதும் இங்கே. சதுர அடிக் கணக்கில் வாங்கிய தோலிலிருந்து எத்தனை பை, எத்தனை ஜாக்கெட் எடுக்க முடியும் என்பதை வெட்டுகிறவர் கண் தீர்மானிக்கிறது. அவர் கையில் ஃபர்மா இருக்கும், அதாவது அட்டையில் வெட்டிய அச்சு. தோலை விரித்ததும் அவர் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் ஃபர்மாக்களைப் பரப்பிப் பார்ப்பார். முதுகுப் பகுதியில் தோல் உறுதியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுபடும். ஆகையால் பெரிய துண்டு முதுகில், சின்னத் துண்டுகள் ஓரத்தில். ஒரு ஃபர்மாவை இரண்டு விரலளவு திருப்பினால் பக்கத்தில் ஒரு பட்டைக்கு இடம் கிடைக்கும். கீழே விழும் கழிவுதான் அவருடைய தேர்வுத்தாள்.

டாங்கிராம் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் யோசனையும் இதுவே: பெரியதை முதலில் வை. சின்ன முக்கோணத்தின் பரப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால் மொத்தச் சதுரம் 16. பெரிய முக்கோணம் ஒவ்வொன்றும் 4. ஆகவே இரண்டு பெரிய முக்கோணங்கள் உட்கார்ந்துவிட்டால் உருவத்தில் பாதி முடிந்தது. நடுத்தர முக்கோணம், சதுரம், சாய்ஞ்ச கட்டம் மூன்றும் பார்க்க ஒன்றுக்கொன்று ஒட்டாதவை, ஆனால் மூன்றின் பரப்பும் 2 தான். எங்கே சதுரம் நுழைய மறுக்கிறதோ அங்கே இரண்டு சின்ன முக்கோணங்கள் சேர்ந்து நுழைந்துவிடும். அவசரக்காரர்கள் முதலில் சின்னதைச் செருகுவார்கள், கடைசியில் பெரியதற்கு இடம் இருக்காது. என் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். தோல் பட்டறை வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பெரியதைத் தொட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

அட்டை வாங்கக் காசில்லாத காலம் அது. கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் பளபளப்பு, பிள்ளையார், மஞ்சள், சிவப்பு. மறுபக்கம் வெள்ளை. அவற்றில் நாற்பது தொகுப்பு வெட்டினேன். மேசையில் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டேன்: படம் உள்ள பக்கம்தான் எப்போதும் மேலே இருக்க வேண்டும், யாரும் துண்டைத் திருப்பிப் போடக் கூடாது. பிறகு ஒரு வாத்தின் நிழலைக் கரும்பலகையில் ஒட்டினேன்.

அரை மணி நேரம் போயிற்று. ஒருவருக்கும் வரவில்லை. பிள்ளைகள் முயற்சி போதாது என்று கடிந்துகொண்டேன். அப்போது பின்வரிசையில், பேர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கத் தயங்குகிற ஒரு பையன் சொன்னான்: “ஸார், அந்தச் சாய்ஞ்ச கட்டத்தை உல்டா பண்ணணும். இப்படி வச்சா வரவே வராது.” விதியை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவன் விடவில்லை. “அப்பா ஜாக்கெட் வெட்டும்போது லெஃப்ட் பக்கத்துக்கு ஃபர்மாவைக் கவுத்திப் போடுவாங்கல்லா ஸார். ரைட்டுக்கு வெட்டினது லெஃப்ட்டுக்கு ஆகாது.”

நான் அவன் மேசைக்குப் போய் அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது ஒரே பக்கம்தான் சாய்ந்தது. கவிழ்த்தேன். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது, சாய்வும் மாறிவிட்டது. வாத்தின் கழுத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. என்னுடைய விதி அந்தப் புதிரைத் தீர்க்கவே முடியாததாக்கியிருந்தது. அரை மணி நேரம் நாற்பது பிள்ளைகளைத் தீராத ஒன்றோடு போராடவிட்டு, அவர்களையே குறையும் சொன்னேன். அன்று வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையனை முன்னால் வந்து எல்லோருக்கும் விளக்கச் சொன்னேன். ஃபர்மா, கவுத்து, உல்டா என்ற சொற்களிலேயே விளக்கினான். சமச்சீர் என்ற சொல்லை அவன் சொல்லி முடித்த பிறகுதான் நான் எழுதினேன்.

உங்கள் மடியில் இருக்கும் துண்டுகளைப் பாருங்கள். முக்கோணம் எதையும் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்த்தாலும் சற்றுச் சுற்றினால் பழைய முக்கோணமேதான். சதுரமும் அப்படியே. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் பாதி மேல் பாதி பொருந்தும், அதனால்தான் இப்படி. சாய்ஞ்ச கட்டத்தை எப்படி மடித்தாலும் பாதி மேல் பாதி பொருந்தாது. பாதிச் சுற்றுச் சுற்றினால் தன் மேல் தானே படியும், ஆனால் கண்ணாடியில் காட்டினால் வேறொன்றாகிவிடும். வலது செருப்பும் இடது செருப்பும் போல. ஏழில் ஒன்றுக்கு மட்டும் இந்தக் குணம். உருவங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்க்க முடிவதில் அந்த ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

தையற்கடைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. அவர்கள் துணியை இரண்டாக மடித்து வெட்டுகிறார்கள். மடிப்பில் ஒரு மடல் நல்ல பக்கம் மேலே, மறுமடல் கீழே. ஒரே வெட்டில் இடக்கையும் வலக்கையும் சோடியாக வந்துவிடும். தோலை ஒற்றையாக விரித்து வெட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் நினைவாகக் கவிழ்க்க வேண்டும். மறந்தால் ஒரே பக்கத்துக்கு இரண்டு கை வெட்டிவிடுவார், தோல் போயிற்று. அந்தப் பையனுக்கு இது பட்டறைத் தரையில் உட்கார்ந்து பார்த்த நஷ்டம். எனக்கு அது பட்டப்படிப்பில் வந்த ஓர் அத்தியாயம். அதனால்தான் அவன் உடனே கண்டான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஏழு துண்டையும் மறுபடி முழுச் சதுரமாக்குவதுதான் பழைய சோதனை. சதுரத்துக்கு ஒரே ஒரு விடைதான், திருப்பிப் பார்ப்பதையும் கண்ணாடி வடிவத்தையும் தனியாக எண்ணாவிட்டால். சாய்ஞ்ச கட்டம் எந்தப் பக்கம் மேலே கிடந்தாலும் சதுரத்தைக் கட்டிவிடலாம், ஏனென்றால் கண்ணாடி விடையும் சதுரம்தான். வாத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் சதுரத்தை மட்டும் கொடுத்திருந்தால் என் விதியின் தவறு வெளியே வந்தே இருக்காது.

இது யாருடைய விளையாட்டு என்று சிலர் கேட்பீர்கள். சீனாவுடையது, சந்தேகம் வேண்டாம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீனப் புதிர்நூல் 1813-ஐச் சேர்ந்தது. 1815-இல் டிரேடர் என்ற கப்பலின் தலைவர் டொனால்ட்சன் கான்டன் துறைமுகத்திலிருந்து சில புதிர்நூல்களை எடுத்துப்போனார். கப்பல் மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியா சேர்ந்தது. 1817, 1818 ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் இது ஒரு பித்தாகப் பரவியது. அந்தக் கான்டன் பம்பாய்க்கு அன்னியமான ஊர் இல்லை. நம் துறைமுகத்திலிருந்து பஞ்சும் அபினியும் ஏற்றிய கப்பல்கள் அந்த ஆண்டுகளில் அங்கேதான் போயின. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் பலமுறை சீனம் போய்ப் பொருள் ஈட்டியதும் அந்த வழியில்தான். அவர் கொடையால் எழுந்த ஜே.ஜே. கலைப் பள்ளியை நாம் எல்லோரும் அறிவோம். வெளிநாட்டு மாலுமிகளுக்கு விற்கக் கான்டன் கைவினைஞர்கள் தந்தத்தில் ஏழு துண்டுப் பெட்டிகள் செதுக்கினார்கள்.

பிறகு பொய்யும் வந்தது. 1903-இல் அமெரிக்கப் புதிர்வல்லுநர் சாம் லாய்ட் ஒரு நூல் வெளியிட்டார். நாலாயிரம் ஆண்டுக்கு முன் டான் என்ற தெய்வம் இதைக் கண்டுபிடித்து ஏழு நூல் எழுதியதாம், இவருடையது எட்டாவதாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி போன்றவர்கள் விசாரித்து, அப்படி ஒரு டான் இல்லை என்று காட்டினார்கள். இருந்தும் அந்தக் கதை இன்றும் சிறுவர் நூல்களில் உலவுகிறது. நம் பக்கத்திலும் அப்படி ஒரு நாலாயிரம் ஆண்டுக் கதையைக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது நமக்கு வேண்டாம். நம்மிடம் இருப்பதே போதுமான பெருமை உடையது. போதாயன சுல்ப சூத்திரம் சொல்லும் பருந்து வடிவ வேள்வி மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமும் முக்கோணமுமாகச் சுட்ட செங்கற்கள், அடுக்குக்கு 200, ஐந்து அடுக்கு. கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த அடுக்கின் இணைப்பு விழக் கூடாது என்பதால், ஒரே பருந்தை இரண்டு விதமாக அடுக்கி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு நிழலுக்கு இரண்டு விடை! அதை மண்ணில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் அருகில் ஒருவர் இருக்கிறார். டி. சுந்தர ராவ். 1893-இல் சென்னையில் அடிசன் கம்பெனி அச்சிட்ட அவருடைய ஆங்கில நூல், காகித மடிப்பால் வடிவியல் கற்பது எப்படி என்பதைச் சொல்கிறது. மழலையர் பள்ளிக்கான வண்ணக் காகிதச் சதுரங்களைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் தோன்றியது என்று முன்னுரையில் எழுதினார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டுப் பேச, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. சற்று முன் நீங்கள் கத்தரி இல்லாமல் மடித்துக் கிழித்தீர்களே, அது அவர் காட்டிய வழி. அளவுகோல் வைத்து வெட்டினால் மூலைவிட்டத்தின் நீளம் பத்துக்குப் பதினான்கு புள்ளி சொச்சம் என்று இழுக்கும், பிள்ளை தவறிவிடும். மடிப்பு தவறாது. பின்னாளில் சென்னை முத்தையால்பேட்டைப் பள்ளியில் கணக்காசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் இதே நம்பிக்கையோடு வாழ்நாள் முழுதும் உழைத்தார். இராயபுரத்தில் இராமானுஜன் பெயரால் ஓர் அருங்காட்சியகம் எழுந்ததும் அவர் முயற்சியால்தான். செம்பூரைத் தாண்டினால் மான்குர்து, அங்கே 1974-இல் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. வீட்டுத் தொழிலில் பிள்ளைகள் பழகும் கணக்கைப் பள்ளிக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வு அங்கே நடந்திருக்கிறது என்று படித்தபோது, அந்தப் பின்வரிசைப் பையன் நினைவுக்கு வந்தான்.

பெரியவர்களோடும் இதை ஆடியிருக்கிறேன். இங்கிலாந்தின் ஹென்றி டூடனி தந்த ஒரு சோடி உருவம் உண்டு: இரண்டு மனிதர்கள், கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒருவருக்குப் பாதம் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. இருவரும் அதே ஏழு துண்டால் ஆனவர்கள். பாதம் எங்கிருந்து வந்தது? தாய்மார் கூட்டம் ஒன்றில் இதை ஒட்டினேன். படித்தவர்கள் துண்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேரோடு குடும்பம் நடத்துகிற ஓர் அம்மா சட்டென்று சொன்னார்: “கால் நீட்டினவருக்கு வயிறு கொஞ்சம் ஒட்டியிருக்கும் பாருங்க தம்பி. எங்க வீட்டுல மாளாப் பரணை ஒரு அடி இழுத்தா அடுப்படி ஒரு அடி போயிடும்.” அளந்து பார்த்தோம். பாதம் இல்லாதவரின் உடம்பு அதே அளவுக்குப் பருத்திருந்தது. பரப்பு எங்கும் போவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

இன்னொரு கேள்வியைப் பிள்ளைகளே கேட்டார்கள். எங்கும் உள்வாங்காமல், பள்ளம் இல்லாமல் எத்தனை உருவம் செய்யலாம்? சதுரம், செவ்வகம், பெரிய முக்கோணம், இப்படி. ஒரு வகுப்பு இரண்டு மாதம் முயன்று ஒன்பது வரை வந்தது. மொத்தம் 13. அதை 1942-இல் நிறுவியவர்கள் ஃபூ டிராயிங் வாங், சுவான் சி சியுங் என்ற இரண்டு சீனக் கணிதர்கள். ஜப்பானியப் படையெடுப்பால் ஊர்விட்டு உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்திருந்த ஜெஜியாங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். நான் சொன்னேனே, மொத்தப் பரப்பு 16 சின்ன முக்கோணம் என்று. அந்தப் பதினாறைத் தனித்தனியாக வைத்தால் பள்ளமில்லாத உருவம் 20 வரை கட்டலாம் என்று முதலில் காட்டினார்கள். பிறகு நம் ஏழு துண்டால் அவற்றில் 13 மட்டுமே முடியும் என்று காட்டினார்கள். ஒரு முக்கோணம், ஆறு நாற்கரம், இரண்டு ஐங்கோணம், நான்கு அறுகோணம். பதினான்காவது இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தபோது பிள்ளைகள் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. இல்லை என்பதையும் நிறுவ முடியும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

ஆசிரியர்களும் பெற்றோரும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். என்.சி.இ.ஆர்.டி.யின் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே டாங்கிராம் ஏறிவிட்டது, கடைகளிலும் வண்ணப் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் கோடு போட்ட விடைத்தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்துவிடுங்கள். விடையைப் பார்த்து அடுக்குகிற பிள்ளைக்கு அது வெறும் ஒட்டுவேலை. பத்து நிமிடத்தில் வரவில்லையா, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகட்டும். திரும்பி வரும்போது கண் வேறு மாதிரி பார்க்கும், நான் பலமுறை கண்டிருக்கிறேன். பூனை என்று பேர் சொல்லிக் கொடுக்காதீர்கள். பேர் தெரிந்தால் காது எங்கே, வால் எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நிழலின் ஓரம் எங்கே சட்டென்று ஒடிகிறது, எந்த முனை சின்ன முக்கோணத்தைத் தவிர வேறொன்றையும் ஏற்காது என்று பார்க்க மறந்துவிடுவார்கள். முடித்தபின் எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். பிள்ளை உல்டா என்று சொன்னால் உல்டாவே இருக்கட்டும். பாடச்சொல்லை அதன்மேல் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினான். என்னால் நிறுத்தாமல் பிடித்துவைக்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. இப்போது அவனே வெட்டுகிறவன். போன தீபாவளிக்கு முன் அவன் பட்டறைக்குப் போனேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெண்குழந்தை, அவன் மகள், ஃபர்மாத் துண்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்துப் பார்த்தாள், கவிழ்த்தாள், மறுபடி வைத்தாள். அவன் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் சொல்லவில்லை.

மண்டபத்தை மூட இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பெரிய முக்கோணத்தையும் சேர்த்து ஒரு சதுரமாக வையுங்கள், அது எளிது. மிச்சமுள்ள ஐந்து துண்டால் அதே அளவில் இன்னொரு சதுரம் செய்யுங்கள். நான் வரிசை வரிசையாக வந்து பார்க்கிறேன். விடை மட்டும் கேட்காதீர்கள்.